கக்கத்துத் தலையணை

மெத்தைக் கடைக்குப் பக்கத்தில் இஸ்திரிக் கடை போடக் கூடாது. இந்தப் புத்தியை எனக்குச் சொல்ல அன்றைக்கு ஒரு நாதியும் இல்லை. அங்கே பஞ்சு அடிக்கிற மெஷின் ஓட ஆரம்பித்தால் இங்கே என் மேஜை மேல் இருக்கிற கறுப்புப் பேன்ட்டுகளுக்கெல்லாம் நரை விழுந்துவிடும். கேட்டால் மெத்தைக் கடைக்காரி, "பஞ்சுக்கு வழி தெரியுமாக்கா, அது பாட்டுக்குப் பறக்குது" என்பாள். பஞ்சுக்கு வக்காலத்து வாங்குகிறவளின் பட்டப் பெயரும் பஞ்சுதான். எவர் வைத்தாரோ, நக்கலுக்குத்தான் வைத்திருக்க வேண்டும். உடம்பும் கெட்டி, வாயும் கெட்டி.

கடையை அவளும் புருஷனும் மட்டும் நடத்துகிறார்கள். அவரை எல்லோரும் மெத்தைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். எந்நேரமும் ஒரு வறட்டு இருமல். நெஞ்சுக்குள்ளேயே ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு இருக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார், சிரித்தால் மறுபடி இருமல் வரும்.

அந்தத் தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு. மெத்தை தைக்கிறவன் பஞ்சைத் திருடாமல் இருக்க மாட்டான் என்று ஊர் நம்பும். பழைய மெத்தையைப் பிரித்து அடித்துத் தைக்கக் கொண்டு வருகிறவர்கள், ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்து காவல் காப்பார்கள். மெத்தைக்காரரின் அப்பாவை ஒரு வீட்டம்மா நடுத்தெருவில் நிறுத்தி, தலையணையைக் கிழித்து உதறிக் காட்டினாளாம். அதிலிருந்து இந்தக் குடும்பத்தில் தலையணை என்றால் திணி திணி என்று திணிப்பதுதான். தைத்து முடித்ததும் அவர் முட்டியை மடக்கி ஒரு குத்து விடுவார். முட்டி உள்ளே போனால் வாயைப் பிரித்து இன்னொரு பிடி அடைக்க வேண்டும். "தலையணைன்னா திருப்பி நம்மள முறைக்கணும்" என்பார். வாடகை விடுதிக்காரர்கள் அவரைத் தேடி வருவது இதற்காகத்தான். அதில் படுத்துக் கழுத்து பிடித்துக்கொண்டவர்களும் உண்டு, நானும் ஒருத்தி.

பஞ்சுவின் கூட்டாளி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகள் அவளுக்கு ஹாரன் என்று பெயர் வைத்து, தெருவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வேன்தான் எல்லாம். போன வருஷம் மார்பில் கட்டி என்று போனவளுக்கு இடது மார்பையே எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, வாய் புண்ணானது. அத்தனைக்கும் கூடப் போனது பஞ்சுதான். கஞ்சி காய்ச்சினாள், வாந்தி பிடித்தாள், பஸ்ஸில் தன் தோளில் அவளைத் தூங்க வைத்துக் கூட்டி வந்தாள். ஒன்றே ஒன்று மட்டும் அவளால் ஆகவில்லை. கட்டு மாற்ற சிஸ்டர் திரையை இழுத்தால் போதும், பஞ்சுவுக்கு எங்கேயாவது தண்ணீர் பிடிக்கப் போக வேண்டியிருக்கும். அந்த இடத்தை அவள் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. ஹாரனும் கேட்கவில்லை.

வைத்தியம் முடிந்து தலையில் பிரஷ் மாதிரி முடி முளைத்தபோது, வேன் தார்ப்பாய் போர்த்தி வாசலில் நின்றது. பிள்ளைகளின் வீட்டார் வேறு வண்டிக்கு மாறிவிட்டார்கள். எல்லோரும் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். "நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்." அந்த அப்புறம் எப்போது என்று எவரும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் ஹாரன் மெத்தைக் கடைக்குள் வந்து பஞ்சு மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில வாக்கத்தான் வைக்கிறாங்கடி. தூர ஊர்லேருந்து வைத்தியத்துக்கு வர்ற பொம்பளைங்க வராந்தாவுல படுத்துக் கிடக்காங்கல்ல, அவங்களுக்கு ஒரு தங்குற இடம் கட்டணுமாம். அதுக்கு நன்கொடை சேக்கறாங்க. வைத்தியம் முடிஞ்சவங்க எல்லாம் முன் வரிசை. நான்தான் முதல்ல பேர் குடுத்தேன்."

"மாடிப்படி ஏறவே உனக்கு மூச்சு வாங்குது. நீ என்னத்த நடந்து கிழிக்கப் போற?"

"ஏரியச் சுத்திட்டு எந்தத் தெரு வழியா வர்றாங்க, சொல்லு பாப்போம்."

பஞ்சுவுக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. ஹாரனின் வேன் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஏரியை ஒட்டிய அடுக்குமாடித் தெருக்காரர்கள்தான்.

"பால்கனில நின்னு பாப்பாங்க. நான் நிமிந்து நடக்கறத அவங்க கண்ணால பாக்கணும். பாத்துட்டா தைரியம் வந்துடும், புள்ளைங்கள அனுப்புவாங்க. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வண்டி ஓடணும்டி. இல்லன்னா அந்தப் புது வண்டிக்காரனுக்கே நிலைச்சுடும்."

"சரி, நட. யாரு வேணாம்னா."

"சும்மா நடந்தா போதாதாம். ஆபரேஷன் பண்ண பக்கம் கை உரசி உரசிப் புண்ணாகுதுல்ல, அதுக்குக் கக்கத்துல வச்சுக்கற மாதிரி சின்னத் தலையணை இருக்காம். நடக்கறவங்களுக்கும் வேணும், வார்டுல படுத்திருக்கவங்களுக்கும் வேணும்னு சிஸ்டர் சொன்னாங்க. எங்க பஞ்சு இருக்கா, அவ தச்சுடுவான்னு சொல்லிட்டேன்."

மெத்தைக்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே நிமிர்ந்தார். "விடுதி ஆர்டர் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. இதுல தர்மத் தையல் வேறயா?"

"விடுதிக்காரன் நிக்கட்டும்," என்றாள் பஞ்சு. "அவனுக்கு என்ன நெஞ்சையா அறுத்தாங்க?"

சொன்னபிறகு அவளே விக்கித்துப் போனாள். ஹாரன்தான் சிரித்தாள். "அறுத்தவளே சும்மா இருக்கேன், நீ ஏன்டி முழிக்கற?"

சிஸ்டர் ஒரு காகித அச்சு கொடுத்துவிட்டிருந்தார். மேலே இரண்டு மேடு, கீழே ஒரு முனை. மெத்தைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது தலையணையா, மாங்காயா?" என்றார். காகிதத்தில் வடிவம் இருந்தது. உள்ளே எவ்வளவு பஞ்சை அடைக்க வேண்டும் என்று இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. மெத்தைக்காரர் வீட்டிலேயே அதைக் கேட்பார்களா?

பகலெல்லாம் விடுதி மெத்தை, விளக்கு வைத்தபிறகு கக்கத்துத் தலையணை. உறைகளை நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், தர்மத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு வேண்டாமா. பஞ்சு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவாள், விழுந்த வேகத்தில் எழுந்து இன்னொரு பிடி அடைப்பாள். இருக்கிறதிலேயே நல்ல பஞ்சாக எடுத்தாள். முனைகளில் கட்டையை விட்டுக் குத்திக் குத்தி நிரப்பினாள். "நோயாளி சொத்துக்கா. இதுல ஒரு பிடி கொறைச்சாக்கூட கை அழுகிடும்" என்றாள். சாதாரணத் தலையணைக்கு ஒரு குத்து என்றால், இதற்கு மெத்தைக்காரர் இரண்டு குத்து விட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் அசையவில்லை.

முதல் தலையணை ஹாரனுக்கு. அவள் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து காட்டினாள்.

"எப்படிடி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்குடி."

பஞ்சுவுக்கு முகமெல்லாம் பல். அவர்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அன்றிலிருந்து காலையில் நான் கரி போட்டு அனல் மூட்டுகிற நேரத்துக்கு ஹாரன் தலையணையோடு எங்கள் தெருவைக் கடந்து நடப்பாள். முதலில் பால் பூத் வரைக்கும், பிறகு பூங்கா, பிறகு ஏரிக்கரை. பஞ்சு வாசல் தெளித்தபடி, "கைய இறுக்கி வச்சுக்கோடி, நழுவுது பாரு" என்று கத்துவாள். ஹாரன் இறுக்கி வைத்துக்கொள்வாள்.

கொஞ்ச நாளில் அவள் கடைக்குள் வந்து உட்காருவது குறைந்தது. நடக்கிறபோதும் எதிர்ச் சாரியில் போனாள். வேன் ஓட்டும்போது போடுகிற முழுக்கைச் சட்டைகளை இஸ்திரிக்குக் கொண்டுவந்தபோதுதான் எனக்கு இடித்தது. எல்லாச் சட்டையிலும் இடது கைத் தையலைப் பிரித்து, ஒட்டுத் துணி கொடுத்து அகலமாக்கியிருந்தது.

"என்னம்மா இது?"

"வெயில் காலம்கா. காத்தோட்டமா இருக்கட்டும்னு."

"ஒரு கைக்கு மட்டுமா வெயில் அடிக்குது?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் அன்றைக்கே பஞ்சுவிடம் சொன்னேன். வரட்டும் கேட்கிறேன் என்றாள். கேட்பதற்குள், மறுநாள் காலையில், ஆஸ்பத்திரி சிஸ்டரே ஒரு சாக்கு மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மூட்டை நிறைய, பஞ்சு தைத்துக் கொடுத்த தலையணைகள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. தையல்னா தையல், அவ்வளவு சுத்தம்."

"மூட்டையப் பாத்தா அதச் சொல்ல வந்த மாதிரி தெரியலியே சிஸ்டர்."

சிஸ்டருக்குச் சங்கடமாகிவிட்டது. "வார்டுல ஒருத்தராலயும் வச்சுக்க முடியலக்கா. கக்கத்துல செங்கல் வச்ச மாதிரி இருக்குதாம். கை போய்ப் புண்ணுல முட்டக் கூடாதுன்னுதான் தலையணை. இதுல தலையணையே போய் முட்டுது."

மெத்தைக்காரருக்குச் சுருக்கென்றது. "பஞ்சு கொறைச்சலா?"

"இல்லண்ணே. அதிகம்."

அவர் வாழ்நாளில் அந்தக் குற்றச்சாட்டைக் கேட்டதில்லை. வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது.

"உங்க ஃபிரெண்டு சொல்லலியா?" என்றார் சிஸ்டர். "அவங்களுக்குக் கையில நீர் கோத்து வீங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணவங்க சில பேருக்கு வர்றதுதான், தலையணையாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த இடத்துல அழுத்தம் ஆகாது. இவங்க தினம் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நடந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை வாக்கத்தானுக்குள்ள வீக்கம் கொறைஞ்சாத்தான் நடக்க விடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சிஸ்டர் போனபிறகு பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு தலையணையை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக் கையை இறக்கினாள். கை இறங்கவில்லை. இவ்வளவு நாளில் அதை ஒரு தடவை கூட அவள் செய்து பார்க்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

சொல்லி அனுப்பியதும் ஹாரன் வந்தாள். இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

"காட்டுடி."

"என்னத்த?"

"கையக் காட்டு."

துப்பட்டாவை விலக்கினாள். முழங்கைக்கு மேல் வீங்கி, வளையல் போட்ட தடம் போலச் சட்டை விளிம்பு பதிந்திருந்தது.

"ஏன்டி சொல்லல? வாய் இருக்குல்ல? தெருவுக்கே கேக்கற மாதிரி ஹாரன் அடிப்பியே, எங்கிட்ட வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்ல முடியலியா?"

"தூங்காம தச்சுக் குடுத்த. அதப் போய் வலிக்குதுன்னு எப்படிடி சொல்றது?"

"வலிச்சா வலிக்குதுன்னுதான் சொல்லணும். இதென்ன, கல்யாண வீட்டுச் சாப்பாடா, நல்லாருக்குன்னு சொல்லிட்டுக் கை கழுவ?"

"எங்க வலிக்குதுன்னு நீ கேப்ப. நான் காட்டணும்." ஹாரனின் குரல் தணிந்தது. "நீ அந்தப் பக்கம் பாக்கவே மாட்ட. சிஸ்டர் திரைய இழுத்தா நீ குடத்தத் தூக்குவ. எனக்குத் தெரியாதா? பாக்காதவகிட்ட என்னத்தக் காட்டச் சொல்ற?"

மெத்தைக்காரர் மெதுவாக எழுந்து, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவர் டீ குடிக்கிற ஆள் இல்லை.

"ஷட்டரப் பாதி இறக்குக்கா," என்றாள் பஞ்சு என்னிடம். இறக்கினேன். "சட்டையக் கழட்டு," என்றாள் அவளிடம்.

"நிஜமாவா?"

"அளவு எடுக்காம தச்சதாலதான் இந்தக் கேடு. கழட்டு."

ஹாரன் ஒரு கையால் பட்டன்களைக் கழற்றினாள். பஞ்சு பார்த்தாள். நானும் பார்த்தேன். தட்டையாக, விலா எலும்பு தெரிய, கக்கம் வரைக்கும் ஒரு நீளத் தழும்பு. தழும்புக்குப் பக்கத்தில் தலையணை முனை குத்தி அழுத்திய இடம் கன்றிச் சிவந்திருந்தது. அந்த முனையைத்தான் பஞ்சு கட்டையால் இடித்து இடித்து நிரப்பியிருந்தாள். பஞ்சு அழுதாள். சத்தமே இல்லாமல், மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு அழுதாள். பிறகு கத்தரியை எடுத்துத் தலையணை வாயைப் பிரித்தாள்.

"வலிக்காத வரைக்கும் எடுத்துக்கிட்டே இருக்கேன். நீ சொல்லணும். பொய் சொன்னியோ, கொன்னுடுவேன்."

கக்கத்தில் வைத்தாள். "இப்ப?" "இன்னும் எடு." ஒரு பிடி எடுத்தாள். "இப்ப?" "எடு." "இது தலையணையே இல்லடி, வெறும் உறை." "எடுடி." கடைசியில் ஹாரன் கையை இறக்கி, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டாள். பஞ்சு அந்தத் தலையணையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். சவலைப் பிள்ளை மாதிரித் தொங்கியது.

அந்த வாரம் முழுக்கப் பிரித்துத் தைத்தார்கள். மெத்தைக்காரரின் கைதான் அடங்கவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே அடைப்பார், பார்த்தால் பழைய கல் மறுபடி வந்திருக்கும். பஞ்சு பிடுங்கிப் பிரிப்பாள். "எங்கப்பா இதப் பாத்தா எந்திரிச்சு வந்து உதைப்பாரு" என்று புலம்பினார். "வந்தா உட்கார வை, அவருக்கும் நாலு உறையக் குடு" என்றாள் அவள். விடுதிக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஹாரன் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுத்துக் கிடந்தாள். சனிக்கிழமை டாக்டர் பார்த்து, வீக்கம் முழுசாக வடியவில்லை, ஆனாலும் மெதுவாக நடக்கலாம், முடியாவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் தலையணைகளை விநியோகித்தோம். வாங்கிய ஒருத்தி, "பூ மாதிரி இருக்கு" என்றாள். பஞ்சு அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கொடுத்து முடித்ததும் வீட்டுக்கு வந்து படுத்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேர் திட்டமும். அவளுக்குக் கால் கடுத்தது, எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கூட்டம் கிளம்பி முதல் திருப்பம் போவதற்குள் ஹாரன் பின்தங்கினாள். தலையணை சப்பிப் போயிருந்தது. தளர்ந்த பஞ்சின் குணம் அது, அசைய அசைய ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பஞ்சு ஓடிப்போய் அதை வாங்கி உதறி, தட்டி, மறுபடி வைத்தாள். நாலு எட்டில் மறுபடி சப்பியது. மறுபடி தட்டினாள். ஏரிக்கரைக்குப் போகிறதுக்குள் இது பொழுதுக்கும் நடக்கிற வேலையாகிவிட்டது. கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"சனியன்," என்று அந்தத் தலையணையை என்னிடம் எறிந்தாள் பஞ்சு. தன் வலது கையை ஹாரனின் இடது கக்கத்துக்குள் விட்டு, உள்ளங்கையை அந்தத் தழும்பு மேல் விரித்து வைத்துக்கொண்டாள். "இப்ப நட."

நடந்தார்கள். ஹாரனின் வீங்கிய கை பஞ்சுவின் புறங்கை மேல் படுத்துக்கொண்டது. நான் பின்னால் தலையணையையும், அறுந்துபோன என் செருப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். கொஞ்ச தூரம் போனதும் பஞ்சு, "உன் நெஞ்சு அடிக்கறது கையில தெரியுதுடி" என்றாள்.

"நடுவுல ஒன்னும் இல்லல்ல. அதான்."

பஞ்சு கையை எடுக்காமல் நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

ஏரிக்கரை முடிந்து அடுக்குமாடித் தெரு தொடங்குகிற முனையில் ஹாரன் நின்றாள். மாடிகளில் ஆட்கள் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கைய எடுத்துடு பஞ்சு."

"உரசும்டி."

"உரசட்டும். நீ இப்படிப் புடிச்சுக்கிட்டு வந்தா நோயாளிய இழுத்துட்டு வர்ற மாதிரி இருக்கு. இதுக்காகத்தானே நடக்கறேன். எடு."

பஞ்சு எடுத்துவிட்டாள். ஹாரன் தலையை நிமிர்த்தி, இரண்டு கையையும் வீசி நடக்க ஆரம்பித்தாள். மேலேயிருந்து ஒரு பிள்ளை, "அம்மா, ஹாரன்! ஹாரன்!" என்று குதித்தது. அவள் சிரித்துக் கையசைத்தாள், வலது கையை. பக்கத்தில் போன எனக்கு அவள் பல்லைக் கடிப்பது தெரிந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்துவிட்டது. இடது கை ஒவ்வொரு வீச்சுக்கும் விலாவில் இடித்தது. பஞ்சு இரண்டடி பின்னால், வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளையின் அம்மா கீழே இறங்கி வாசலுக்கே வந்துவிட்டாள். "எவ்வளவு நல்லா நடக்கறீங்க! முழுசா சரியாயிட்டீங்க போல. பள்ளிக்கூடம் திறந்ததும் வேன் எடுத்துடுவீங்கல்ல? பாப்பா உங்க வண்டியிலதான் போவேன்னு ஒரே அடம்."

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை தூரம் வந்தாள். ஹாரன் வாயைத் திறந்தாள். மேலே குதிக்கிற பிள்ளையைப் பார்த்தாள், தன் இடது கையைப் பார்த்தாள், திரும்பிப் பஞ்சுவைப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள். "இந்தக் கைதான் கியர் போடற கை. இப்ப இது கியர் போடாது. பாப்பா அந்த வண்டியிலயே போகட்டும். சரியானா நானே வந்து சொல்றேன்."

அந்த அம்மா மெதுவாகத் தலையாட்டினாள்.

"பஞ்சு, கைய வையிடி."

"பாக்கறாங்கடி."

"பாக்கட்டும். வலிக்குது, வையி."

பஞ்சு வைத்தாள். ஹாரன் தன் கையை அதன் மேல் இறக்கி, உடம்பு பாரம் முழுவதையும் அவள் மேல் சாய்த்துவிட்டாள். கை தட்டுகிற சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. இரண்டு பேரும் நடந்தார்கள்.